ஒரு நுரையீரல் உறங்க, ஒன்று மூச்சுவிட: மார்பு அறுவை மயக்கத்துக்கு முழுமையான வழிகாட்டி

மார்பு அறுவையில் சர்ஜன் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பக்க நுரையீரல் அசையாமல் சுருங்கிக் கிடக்க வேண்டும். அந்த இரண்டு, மூன்று மணி நேரமும் மறு பக்க நுரையீரல் ஒன்றே நோயாளியைத் தாங்க வேண்டும். புதிதாக வருகிறவர்களைப் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழாய் போடும் கை பெரும்பாலோருக்கு நன்றாகவே இருக்கிறது, வரிசைதான் தவறுகிறது. குழாயைப் போட்டுவிட்டு பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் மெல்லிய கருவி) எங்கே என்று தேடுகிறார்கள். சேச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு) 85%-க்கு வந்த பிறகு குழாய் எங்கே நிற்கிறது என்று யோசிக்கிறார்கள்.

மயக்கவியல் மேற்படிப்பில் இருப்பவர்களுக்காகவும் தியேட்டர் டெக்னீஷியன்களுக்காகவும் எழுதியது இது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, அவரோடு சேர்ந்து செய்து பழகுங்கள்.

1. முதல் நாளே ஸ்கேனை நீங்களே பாருங்கள்

ரிப்போர்ட் கட்டியின் அளவைச் சொல்லும். இடது பிராங்கஸ் (மூச்சுக்குழாயின் இடது கிளை) வளைந்திருக்கிறதா, மகாதமனி வீங்கி அதை அழுத்துகிறதா, மூச்சுக்குழாய் எங்காவது குறுகியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இல்லாமல் போகலாம். எழுதியவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. உங்களுக்குத் தேவை. நாளை மூச்சுவிடப் போகிற பக்கத்தில் காற்றுக் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அழுத்தத்தில் அவை வெடித்தால் உங்களிடம் இருக்கும் ஒரே நுரையீரலும் போய்விடும்.

அடுத்து கணக்கு. நுரையீரலை 19 பிரிவுகளாக எடுத்துக்கொள்ளுங்கள்: வலது மேல் மடல் 3, நடு மடல் 2, கீழ் மடல் 5; இடது மேல் மடல் 5, கீழ் மடல் 4. எஃப்.இ.வி. 1 (முதல் வினாடியில் ஊதி வெளியேற்றும் காற்று) எதிர்பார்க்கும் அளவில் 70% இருக்கும் ஒருவருக்கு வலது கீழ் மடலை எடுத்தால் மிஞ்சுவது 70-ல் 19-க்கு 14 பங்கு, அதாவது சுமார் 52%. டி.எல்.சி.ஓ.-வுக்கும் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) இதே கணக்குதான். இரண்டும் 60%-க்கு மேல் மிஞ்சினால் பெரிய கவலை இல்லை. 30-க்கும் 60-க்கும் இடையில் என்றால் படி ஏறவைத்தோ ஷட்டில் நடையிலோ (இரு குறிகளுக்கிடையே வேகம் கூட்டி நடக்கவைப்பது) சோதிக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் முறையான உடற்பயிற்சிச் சோதனை இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது.

யாருக்கு ஆக்சிஜன் இறங்கும் என்பதையும் அன்றே ஓரளவு ஊகிக்கலாம். வலது பக்க அறுவையில் இறங்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தாங்குவது சிறியதான இடது நுரையீரல். மல்லாந்த நிலையில் செய்யும் அறுவையிலும் இறங்கும். எடுக்கப்போகும் நுரையீரலைக் கட்டி ஏற்கெனவே அடைத்து, அங்கே ரத்த ஓட்டம் குறைந்துபோயிருந்தால் ஆச்சரியப்படும்படி நன்றாகத் தாங்குவார்கள். நுரையீரல் சோதனை எண்கள் அழகாக இருக்கும் நோயாளிதான் சில சமயம் நம்மை ஓடவைப்பார்.

2. எந்தக் குழாய், எந்த அளவு

வேறு காரணம் இல்லையென்றால் இடது டபுள் லூமன் குழாய். ஒரே குழாயில் இரண்டு வழிகள்: மூச்சுக்குழாயில் திறக்கும் டிராக்கியல் வழி, பிராங்கஸுக்குள் போகும் பிராங்கியல் வழி; ஒவ்வொன்றுக்கும் ஒரு கஃப் (ஊதி அடைக்கும் பலூன்). வலது பிராங்கஸ் தொடங்கி 2 செ.மீ. அளவிலேயே மேல் மடலின் வாய் வந்துவிடுகிறது. அங்கே கஃப்பை நிறுத்தினால் அந்த வாயை அடைக்காமல் இருப்பது கடினம். இடது பிராங்கஸ் 5 செ.மீ. அளவு நீளம், கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். இடது நுரையீரலை முழுதாக எடுக்கும்போது, இடது பிராங்கஸிலேயே வேலை நடக்கும்போது, அல்லது அது நசுங்கியிருக்கும்போது வலது குழாய்.

அளவுக்கு உயரத்தைப் பாருங்கள். பெண்களில் 160 செ.மீ.-க்குக் கீழ் 35 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு), அதற்கு மேல் 37. ஆண்களில் 170-க்குக் கீழ் 39, அதற்கு மேல் 41. மிகக் குள்ளமானவர்களுக்கு ஒரு அளவு இறக்குங்கள். "சின்னதாகப் போட்டால் பத்திரம்" என்று பலர் நினைக்கிறார்கள். சின்னக் குழாய் ஆழமாக வழுக்கிப் போகும், கஃப்பில் அதிகக் காற்று கேட்கும், உறிஞ்சும் குழாயும் பிராங்கோஸ்கோப்பும் உள்ளே சிரமப்படும்.

குழாய் போடுவது கடினமான கழுத்து, ஏற்கெனவே சாதாரணக் குழாய் உள்ள நோயாளி, சிறு குழந்தை: இவர்களுக்கு பிராங்கியல் பிளாக்கர் (ஒரு பக்க பிராங்கஸை அடைக்கும் பலூன் குழாய்). ஆனால் ஒரு பக்கம் சீழோ ரத்தமோ நிறைந்திருந்தால் டபுள் லூமன்தான் என் தேர்வு. பிளாக்கர் ஒரு இருமலில் நகர்ந்தால் போதும், நல்ல பக்கமும் நனைந்துவிடும்.

3. நோயாளி உள்ளே வரும் முன் தட்டில் இருக்க வேண்டியவை

இரண்டு கஃப்பையும் ஊதிப் பார்த்த குழாய், ஒரு அளவு சிறிய மாற்றுக் குழாய், சாதாரணக் குழாய், பிளாக்கர், இரண்டு கிளாம்ப், நீளமான உறிஞ்சும் குழாய்கள், சி-பாப் செட் (நுரையீரலுக்குத் தொடர்ந்து லேசான அழுத்தம் தருவது). பிராங்கோஸ்கோப்பை முன்பே அந்தக் குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். 4 மி.மீ.-க்கு மேற்பட்ட ஸ்கோப் 35 குழாயில் சிக்கிக்கொள்ளும். உறங்கிய நோயாளியை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை.

தமனி லைனை (ரத்த அழுத்தத்தை அலையாகத் தொடர்ந்து காட்டும் குழாய்), பக்கவாட்டில் படுக்கவைக்கும்போது கீழே வரப்போகும் கையில் போடுங்கள். அக்குளில் ரத்தக்குழாய் நசுங்கினால் அந்த அலையே காட்டிக்கொடுக்கும். இரண்டு நுரையீரலும் வேலை செய்யும்போது ஒரு ரத்த வாயு எடுத்து வையுங்கள். பின்னால் வரும் எண்களை ஒப்பிட அது ஒன்றுதான் உண்டு.

வலிக்கான எபிடியூரலையோ பாராவெர்டிப்ரல் பிளாக்கையோ (முதுகு வழியாக நரம்புகளை மரக்கவைப்பவை) முதலிலேயே திட்டமிடுங்கள். கடைசியில் மூச்சுவிடவைப்பது அதுதான்.

4. குழாயை இறக்குதல்

நுனி வளைவு முன்பக்கம் பார்க்க உள்ளே விடுங்கள். பிராங்கியல் கஃப் குரல்நாண்களைத் தாண்டியதும் ஸ்டைலட்டை (குழாய்க்குள் இருக்கும் விறைப்புக் கம்பியை) எடுத்துவிட வேண்டும். அதை உள்ளேயே வைத்துக்கொண்டு தள்ளினால் மூச்சுக்குழாயைக் கிழிக்கலாம். பிறகு குழாயை இடப்பக்கமாக 90 டிகிரி திருப்பி மெதுவாக இறக்குங்கள். 170 செ.மீ. உயரத்துக்குப் பல் அருகே 29 செ.மீ., ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 1 செ.மீ. கூட்டியோ குறைத்தோ. இது ஒரு தொடக்கம் மட்டுமே.

லேசான தடை தெரிந்தால் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் போகும்" என்று தள்ளுகிற அந்த ஒரு செ.மீ.-தான் ஆபத்தானது.

5. காது சொல்வதைக் கேளுங்கள், கண் சொல்வதை நம்புங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் டிராக்கியல் கஃப்பை ஊதி, இரு பக்கமும் மூச்சொலி கேட்கிறதா, கார்பன் டை ஆக்சைடு அலை வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அடுத்து பிராங்கியல் கஃப்புக்கு 1 மி.லி. டிராக்கியல் பக்கத்தைக் கிளாம்ப் செய்து அதன் மூடியைத் திறந்தால் இடது மட்டும் கேட்க வேண்டும். திறந்த வாயருகே காதை வைத்தால் கஃப்பைச் சுற்றிக் கசியும் காற்று தெரியும். கசிவு நிற்கும் வரை அரை அரை மி.லி.-யாகச் சேருங்கள். 3 மி.லி.-க்கு மேல் கேட்கிறது என்றால் அளவோ இடமோ தவறு. பிறகு மறுபக்கத்தைக் கிளாம்ப் செய்து வலது மட்டும் கேட்கிறதா பாருங்கள். அக்குளுக்கு மேலே, மேல் மடல் இருக்குமிடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வையுங்கள். அடிப்பகுதியில் மட்டும் கேட்டுவிட்டு "சரி" என்பவர்கள் மேல் மடல் அடைபட்டதைத் தவறவிடுகிறார்கள்.

இனி பிராங்கோஸ்கோப். காதுக்குச் சரியாகப்பட்ட குழாய்கள் கண்ணுக்குத் தவறாகத் தெரிவது அடிக்கடி நடப்பது.

டிராக்கியல் வழியாக முதலில் நுழையுங்கள். குருத்தெலும்பு வளையங்கள் முன்பக்கம், நீளக் கோடுகளாகத் தசை பின்பக்கம். இதை வைத்து இடம் வலத்தை உறுதிசெய்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். ஸ்கோப்பைப் பிடித்த கை கொஞ்சம் திரும்பினாலும் படம் தலைகீழாகிவிடும், வலதை இடது என்று நம்பிவிடுவோம். கரீனா (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) கூர்மையாகத் தெரிய வேண்டும். இடது பிராங்கஸில் அதற்குச் சற்றுக் கீழே நீலக் கஃப்பின் விளிம்பு தெரிய வேண்டும், வெளியே பிதுங்கக் கூடாது.

அப்படியே வலது பிராங்கஸுக்குள் போய் மேல் மடலின் வாயைத் தேடுங்கள். உள்ளே மூன்று துளைகள், மெர்சிடிஸ் கார் முத்திரை போல. மூச்சுக்குழாய் அமைப்பில் வேறெங்கும் அப்படி மூன்றாகப் பிரிவதில்லை. அந்த மூன்றைப் பார்க்காதவரை நீங்கள் இருப்பது வலது பக்கம் என்று எனக்குச் சொல்லாதீர்கள் என்பேன் மாணவர்களிடம்.

பிறகு பிராங்கியல் வழியாக. இடது மேல் மடல், கீழ் மடல் இரண்டின் வாய்களும் நுனிக்கு முன்னால் திறந்து தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் குழாய் ஆழமாகப் போய்விட்டது.

தவறாக இருந்தால் நகர்த்தும் முன் இரண்டு கஃப்பையும் இறக்குங்கள். குழாய் வலப்பக்கம் போயிருந்தால் நுனி கரீனாவுக்கு மேலே வரும்வரை இழுத்து, பிராங்கியல் வழியாக ஸ்கோப்பை இடது பிராங்கஸுக்குள் விட்டு, அதையே தண்டவாளமாக வைத்துக் குழாயை வழுக்கி இறக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி தள்ளிப் பார்ப்பதைவிட இது வேகமானதும் கூட.

6. பக்கவாட்டில் திருப்பியதும் மீண்டும் பாருங்கள்

கழுத்து நிமிர்ந்தால் குழாய் மேலே வரும், குனிந்தால் உள்ளே போகும். 1 செ.மீ. போதும், எல்லாம் கெட்டுவிடும். திருப்பும்போது குழாயைத் தாடையோடு சேர்த்து ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்த நபருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். பிராங்கியல் கஃப்பை அந்த நேரத்தில் இறக்கி வைப்பது நல்லது.

திருப்பி, தலையணை வைத்து, அக்குளுக்குக் கீழே சுருள் வைத்து, கண், காது, முழங்கை எல்லாம் சரிபார்த்து, கடைசியாக ஸ்கோப். ஸ்கோப் பார்த்த பிறகு யாராவது தலையணையைச் சரிசெய்தால் மீண்டும் ஸ்கோப்.

ஒரு முறை அரை மணி நேரம் நுரையீரலைக் குற்றம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். கஃப் கரீனாவின் மேல் உட்கார்ந்திருந்தது. தலைக்கடியில் யாரோ அன்பாக ஒரு துணியை மடித்து வைத்திருந்தார்கள்.

7. ஒரு பக்கத்தை நிறுத்துதல்

அதற்குச் சில நிமிடம் முன்பே 100% ஆக்சிஜன் கொடுங்கள். நுரையீரலில் நைட்ரஜன் இருந்தால் அது ரத்தத்தில் மெல்லத்தான் கரையும், நுரையீரல் ஊதியே கிடக்கும். ஆக்சிஜன் விரைவாக உறிஞ்சப்பட்டுவிடும், நுரையீரல் சுருங்கும்.

இடது குழாயில் வலது பக்க அறுவை என்றால் குழாயின் டிராக்கியல் கிளையைக் கிளாம்ப் செய்ய வேண்டும், இடது பக்க அறுவை என்றால் பிராங்கியல் கிளையை. வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: "வலது நிறுத்துகிறேன், இடது மூச்சு." கிளாம்ப் மெஷின் பக்கம் இருக்க வேண்டும், அதைத் தாண்டி நோயாளி பக்கமுள்ள மூடியைத் திறக்க வேண்டும். வரிசையும் அதுதான்: முதலில் கிளாம்ப், பிறகு மூடி. மூடியை முதலில் திறந்தால் மெஷின் காற்று வெளியே போய்விடும். மூடியைத் திறக்கவே மறந்தால் காற்று உள்ளே அடைபட்டு, நுரையீரல் சுருங்கவில்லை என்று சர்ஜன் சத்தம்போடுவார். இந்த இரண்டாவது தவறைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ப்ளூரா (நுரையீரலைச் சுற்றிய உறை) திறந்த பிறகும் சுருங்கவில்லையென்றால் அந்தப் பக்கம் மெதுவாக உறிஞ்சுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கஃப் கசிகிறதா, குழாய் நகர்ந்ததா, நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

8. வென்டிலேட்டர் எண்கள்

இரண்டு நுரையீரலுக்கான அளவை ஒன்றுக்குள் தள்ளுவதுதான் பெரிய பிழை. ஒரு மூச்சுக்கு கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி. அந்தக் கிலோ தராசில் வருவது அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 160 செ.மீ. பெண்ணுக்கு அது சுமார் 52 கிலோ, 5 மி.லி. வீதம் 260 மி.லி. அவர் 80 கிலோ இருந்தாலும் 260-தான், நுரையீரல் எடையோடு வளர்வதில்லை.

பீப் (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5 செ.மீ. நீர். நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு. பிளாட்டோ அழுத்தம் (மூச்சு உள்ளே போய் ஓட்டம் நிற்கும்போது இருப்பது) 25-க்குள், உச்சம் 35-க்குள். கார்பன் டை ஆக்சைடு 50, 60 மி.மீ. வரை ஏறினால் விடுங்கள், நுரையீரல் தமனி அழுத்தமோ மூளை அழுத்தமோ உள்ளவர்களைத் தவிர. அதைத் துரத்த மூச்சை வேகப்படுத்தினால் காற்று வெளியேற நேரமில்லாமல் உள்ளே தேங்கும். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) நோயாளிகளில் உள்-வெளி விகிதத்தை 1:3, 1:4 என வைத்து, அடுத்த மூச்சுக்கு முன் ஓட்டக்கோடு சுழியைத் தொடுகிறதா பாருங்கள்.

மயக்க வாயுவை 1 மேக்-குக்கு (பாதிப் பேர் வெட்டும்போது அசையாதிருக்கும் அளவு) மேல் ஏற்றாதீர்கள். காற்று வராத நுரையீரல் தன் ரத்தக்குழாய்களைத் தானே சுருக்கி, ரத்தத்தை நல்ல பக்கம் திருப்புகிறது. அதிக வாயு அந்தச் சுருக்கத்தைத் தளர்த்தும். நைட்ரஸ் ஆக்சைடு வேண்டாம். நிலைத்ததும் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, சேச்சுரேஷன் 92 முதல் 96-க்குள் நிற்கும்படி வையுங்கள்.

திரவம் மணிக்கு கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி. ரத்த அழுத்தம் குறைந்தால் பாட்டிலைத் திறக்கும் பழக்கத்தை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள்.

9. சேச்சுரேஷன் இறங்கினால்

மாறிய 10 முதல் 30 நிமிடத்துக்குள்தான் பெரும்பாலும் இறங்கும். ரத்தக்குழாய்ச் சுருக்கம் ஓரளவு வரவே 20, 30 நிமிடம் ஆகிறது. அதனால் 93-ல் பதறி சி-பாப் போட வேண்டாம், பல சமயம் தானே திரும்பும். 90-க்குக் கீழே போனால் வேலையைத் தொடங்குங்கள்.

சரசரவென்று விழுகிறதா? சர்ஜனிடம் சொல்லி, கிளாம்பை எடுத்து, இரண்டு பக்கமும் ஊதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மெல்ல இறங்கினால் இந்த வரிசையில் போங்கள்.

ஆக்சிஜன் 100%. உடனே ஸ்கோப்பை எடுத்துக் குழாயைப் பாருங்கள், மற்றவை அதற்குப் பிறகு. அடுத்து ரத்த ஓட்டம்: ரத்தக் கசிவு, சர்ஜனின் கை இதயத்தை அழுத்துவது, ஓடிக்கொண்டிருக்கும் நைட்ரோகிளிசரின். இதயம் குறைவாக அனுப்பினால் நுரையீரல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

பிறகு மூச்சுவிடும் நுரையீரல். சளியை உறிஞ்சி, 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தத்தில் சில வினாடி பிடித்து விரித்து, பீப்பை 5 முதல் 10-க்குள் சரிசெய்யுங்கள். விரிக்கும்போது ரத்த அழுத்தம் விழும். சேச்சுரேஷனும் ஒரு கணம் இன்னும் இறங்கலாம், ரத்தம் சுருங்கிய பக்கம் தள்ளப்படுவதால். அதைப் பார்த்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

இதற்கும் வராவிட்டால்தான் சுருங்கிய நுரையீரல். மெல்லிய குழாயால் கொஞ்சம் ஆக்சிஜன், அல்லது 2 முதல் 5 செ.மீ. சி-பாப். சி-பாப்புக்கு முன் அந்த நுரையீரலை லேசாக ஒரு முறை ஊதுங்கள். முற்றிலும் ஒட்டிக்கிடப்பதைக் குறைந்த அழுத்தம் திறக்காது. துளைவழி அறுவையில் இது சர்ஜனின் கண்ணை மறைக்கும், எனவே அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நுரையீரலை முழுதாக எடுக்கும் அறுவை என்றால் அந்தப் பக்கத் தமனியைக் கட்டியதும் பிரச்சினையே முடிந்துவிடும்.

10. அழுத்தம் திடீரென ஏறினால்

குழாய் நகர்ந்தது, ரத்தக்கட்டியோ சளியோ அடைத்தது, மூச்சுக்குழல் இறுகியது. இவை வழக்கமானவை. மறக்கப்படுவது நான்காவது: மூச்சுவிடும் பக்கத்திலேயே நியூமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே மார்பில் காற்று சேர்வது). அந்தப் பக்கம் துணிக்குக் கீழே, உங்கள் கண்ணில் படாமல் இருக்கிறது. அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தம் சரிந்து, நடுமார்பு தன்னை நோக்கிப் பிதுங்குகிறது என்று சர்ஜன் சொன்னால் காத்திருக்காதீர்கள். அறுவைப் பக்க நுரையீரலுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே அந்தப் பக்கக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

11. ஸ்டேப்ளருக்கு முன்னும் பின்னும்

பிராங்கஸை ஸ்டேப்ளர் போடுவதற்கு முன் அந்தப் பக்கம் இருக்கும் உறிஞ்சும் குழாய், பிளாக்கர் எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிட்டேன் என்று உரக்கச் சொல்லுங்கள். தையலோடு சேர்ந்துபோன உறிஞ்சும் குழாயை எடுக்கத் திரும்ப மார்பைத் திறக்க வேண்டிவரும்.

கசிவுச் சோதனைக்கு முன் அந்தப் பக்கத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் தேங்கிய ரத்தத்தை ஆழமாக ஊதிவிடுவீர்கள். பிறகு கையால் பையை அழுத்தி, மெதுவாக, 20 முதல் 25 செ.மீ. நீர் அழுத்தம் வரை. இரண்டு பக்கமும் மூச்சுக்குத் திரும்பியதும் பிராங்கியல் கஃப்பை இறக்குங்கள். அதற்கு இனி வேலை இல்லை, சுவரை அழுத்திக்கொண்டிருப்பதைத் தவிர.

12. எழுப்புதலும் வெளியே அனுப்புதலும்

தசைத் தளர்வு நீங்கியதை மானிட்டரில் பாருங்கள், நான்கின் விகிதம் (நான்கு நரம்புத் தூண்டலில் நான்காவது அசைவுக்கும் முதல் அசைவுக்கும் உள்ள விகிதம்) 0.9 வர வேண்டும். உடல் சூடாக, வலி அடங்கி, தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்த நிலையில் குழாயை எடுங்கள். இருமும்போது முகம் சுளித்தால் அவர் இருமவே மாட்டார், சளி தேங்கும். குழாயை எடுப்பதற்கு முன்பே பிளாக்கைச் சரிசெய்வது அதனால்தான்.

வென்டிலேட்டரில் தொடர வேண்டியவர் என்றால் டபுள் லூமனைச் சாதாரணக் குழாயாக மாற்றுங்கள். பக்கவாட்டில் பல மணி நேரம் படுத்ததில் தொண்டை வீங்கியிருக்கும், காலையில் எளிதாகத் தெரிந்த குரல்நாண் இப்போது தெரியாமல் போகலாம். வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் பார்த்தபடி, மாற்றுக் கம்பியின் மேல் மாற்றுங்கள்.

நுரையீரலை முழுதாக எடுத்தவரின் மார்புக் குழாயை உறிஞ்சு கருவியில் மாட்டவே கூடாது. காலியான பக்கம் இதயத்தையே இழுத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் நொடியில் விழும். ஐ.சி.யூ. நர்ஸிடம் இதை எழுத்திலும் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரே வந்ததும் மூச்சுக்குழாய் நடுவில் நிற்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.